பட்டாளத்து ஓட்டு: குன்னூரிலிருந்து சில பதில்கள்

ரெஜிமெண்டில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யூனிட்டில் தேர்தல் வந்தாலே ஓட்டு வேலை என் தலையில்தான் விழும். சர்வீஸ் ஓட்டு, அதாவது பணியில் இருக்கும் படையினர் போடும் ஓட்டு பற்றி நம் மலைக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேத்தியிலிருந்து ஓர் அம்மா: மகன் ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானில் இருக்கிறான். வெளிநாடு போனதால் ஓட்டு போய்விடுமா?

போகாது அம்மா. எந்த நாட்டில் நின்றாலும் அவன் சொந்த ஊர் வாக்காளர்தான். சர்வீஸ் வாக்காளராகப் பதியும் ஃபாரம் 2 கொடுத்திருந்தால் தொகுதிப் பட்டியலின் கடைசிப் பாகத்தில் பெயர் இருக்கும். அந்தப் பாகமே சர்வீஸ்காரர்களுக்கானது.

முன்பெல்லாம் ஓட்டுச்சீட்டு போவதும் தபால், திரும்புவதும் தபால். லடாக்கில் இருந்தபோது என் சீட்டு கைக்கு வந்த நாளில் இங்கே புது மந்திரிகள் பதவியேற்றிருந்தார்கள். 2016 அக்டோபரில் விதியைத் திருத்தினார்கள். இப்போது சீட்டு இணையத்தில் வருகிறது. ஓ.டி.பி., பின் நம்பர் போட்டு இறக்கி, பிரிண்ட் எடுத்து, பேனாவால் குறியிட வேண்டும். திரும்பிப் போவது மட்டும் இன்னும் தபாலில்தான்.

மகனிடம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஃபாரம் 13ஏ என்ற உறுதிமொழியில் அவன் கையெழுத்தும் அதிகாரியின் சான்றொப்பமும் இருக்க வேண்டும். ஓட்டுச்சீட்டு உள்ளுறைக்குள், 13ஏ வெளியுறைக்குள். எண்ணும் மேஜையில் வெளியுறையைப் பிரித்து முதலில் 13ஏ-யைத்தான் பார்ப்பார்கள். அது இல்லை, சான்றொப்பம் இல்லை, 13ஏ-யில் எழுதிய சீட்டு எண்ணும் உள்ளுறையின் மேலுள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளுறையைப் பிரிக்கவே மாட்டார்கள். அவன் யாருக்குப் போட்டான் என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. எனக்கே ஒருமுறை சான்றொப்பம் விட்டுப்போயிற்று. விதியைப் பிறகு படித்துத்தான் என் ஓட்டு குப்பைக்குப் போனது புரிந்தது.

கோத்தகிரி: தேர்தல் நாளுக்குள் உறை வந்து சேர வேண்டுமா? அமெரிக்காவில் 45 நாள் முன்பே அனுப்புகிறார்களாமே?

நல்ல கேள்வி. தேர்தல் நாள் கணக்கே இல்லை. ஓட்டு எண்ணத் தொடங்கும் நேரத்துக்கு முன் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர்ந்தால் போதும். 2024 மக்களவைத் தேர்தலில் இங்கே மனு வாபஸ் மார்ச் 30, ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. இரண்டு மாதத்துக்கு மேல் அவகாசம். 2021 சட்டமன்றத்தில் அப்படியில்லை. மார்ச் 22 வாபஸ், மே 2 எண்ணிக்கை.

அமெரிக்கக் கணக்கு உண்மைதான். மத்தியத் தேர்தல்களில் வெளிநாட்டில் உள்ள படையினர் கேட்டிருந்தால் 45 நாள் முன்பே சீட்டு அனுப்ப வேண்டும் என்று 2009-இல் சட்டம் போட்டார்கள். நம் ஊரில் வாபஸ் முடிந்தால்தான் சீட்டில் யார் பெயர் என்று தெரியும். வாபஸுக்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவே சட்டம் கேட்பது 14 நாள்தான். எண்ணிக்கை தள்ளிப் போனால்தான் நம் பையன்களுக்கு மூச்சு விட நேரம். இது சரியான ஏற்பாடு என்று நான் சொல்ல மாட்டேன்.

மஞ்சூர்: மகன் துபாயில் கம்பெனியில் வேலை செய்கிறான். அவனுக்கும் தபால் ஓட்டு உண்டா?

இல்லை. ஃபாரம் 6ஏ கொடுத்துப் பதியலாம். ஆனால் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போட வேண்டும்.

ஜெகதளா: ப்ராக்ஸியாக, அதாவது எனக்குப் பதிலாக ஊரில் ஓட்டுப் போடும் ஆளாக, அண்ணன் பெயரைக் கொடுத்தேன். அவர் வேறு கட்சிக்குப் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்த ப்ராக்ஸியை ரத்து செய்ய முடியுமா?

முடியும். ஃபாரம் 13எஃப் கொடுத்து வைத்த ஆளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் வேட்புமனு முடியும் நாளுக்குள் சேர்த்துவிடுங்கள். அண்ணன் யாருக்குப் போட்டார் என்பதை நிரூபிக்க முடியாது, அதுவும் ரகசிய ஓட்டுதான்.

இதற்கு அருவங்காட்டிலிருந்து ஒருவர் எழுதினார்: "நம்பிக்கை இல்லாத ஆளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? ப்ராக்ஸியே கூடாது." கோத்தகிரிக்காரர் திருப்பி எழுதினார்: "நெட் இல்லாத காவல் போஸ்டில் பிரிண்டரை எங்கே தேடுவது?" அப்புறம் குடும்பத் தகராறு வரை போய்விட்டது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ப்ராக்ஸி ஆள் தொகுதியிலேயே குடியிருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும். பூத்துக்குப் போனால் இடது கை நடுவிரலில் மை. சொந்த ஓட்டுக்குத் தனியாக ஆள்காட்டி விரலில். சீட்டு வந்து சேராத இடத்தில் இருப்பவனுக்கு அது வரம். யூனிட் ஆபீஸில் பிரிண்டர் வைத்துக்கொண்டு சோம்பலில் ப்ராக்ஸி கொடுத்தால் அண்ணனைத் திட்டக்கூடாது. ப்ராக்ஸி வைத்தவருக்குத் தபால் சீட்டு வராது, இரண்டும் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஜெகதளா தம்பி, அண்ணனிடம் சண்டை போடாமல் பேரை மாற்றுங்கள், பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டுமில்லையா!

பந்தலூர்: கணவர் பார்டரில். நான் மாமியாரோடு ஊரில். நானும் சர்வீஸ் வாக்காளரா?

இல்லை அம்மா. உடன் வசிக்கும் துணைக்குத்தான் அந்தச் சலுகை. முன்பு 'மனைவி' என்றே சட்டத்தில் இருந்தது. 2021 திருத்தத்துக்குப் பின் பெண் அதிகாரியின் கணவருக்கும் உண்டு. நீங்கள் சாதாரண வாக்காளர், பந்தலூர் பூத்தில் போடுங்கள்.

ஊட்டி: ஒரு பிரதி கிழிந்தால் இன்னொன்று பிரிண்ட் எடுத்து இரண்டையும் அனுப்பலாமா?

கூடாது. உறையின் க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்ததுமே மாட்டிக்கொள்வீர்கள்.

அதிகரட்டி: 13ஏ-வை எந்த உறையில் வைக்க வேண்டும்?

மேலே எழுதியிருக்கிறேன், படியுங்கள். வெளியுறை. வெளியுறை. இதே கேள்வி இன்று ஏழாவது முறை.

குன்னூர்: ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது, பெயர் இன்னும் சர்வீஸ் பட்டியலில் இருக்கிறது.

இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது, தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. முதலில் சாதாரண வாக்காளராகப் பதியும் ஃபாரம் 6-ஐ நிரப்பி, சர்வீஸ் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தாலுகா அலுவலகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மூன்று மணிக்கு மேல் மஞ்சு இறங்கினால் பஸ்ஸும் கிடைக்காது.