கூட்டு நிர்வாகிகளில் ஒருவர் மட்டும் தன் போக்கில் செயல்பட்டால் என்ன செய்வது?

கேட்டிருப்பது இதுதான்: உயில் இல்லாமல் இறந்த அப்பாவின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் உங்களையும் உங்கள் தம்பியையும் சேர்த்து நியமித்திருக்கிறது. அவர் உங்கள் கையெழுத்தே இல்லாமல் எல்லாம் செய்கிறார்.

எனக்கும் என் அண்ணனுக்கும் இதே கதைதான். தென்னந்தோப்பின் காய்க் காசை அவர் வாங்கினார்; அப்பா கொடுத்திருந்த கடனையும் வசூலித்தார். "இருவர் பெயரில் ஆணை இருக்கும்போது ஒருவர் கையெழுத்து எப்படிச் செல்லும்?" என்று வக்கீலிடம் கொதித்தேன். அவர் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 311ஆம் பிரிவைப் புரட்டிக் காட்டினார். வேறு உத்தரவு இல்லாதவரை, நிர்வாகிகளில் யாராவது ஒருவரே எல்லோருடைய அதிகாரத்தையும் பயன்படுத்தலாமாம்! எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

ஆனால் அந்த அதிகாரத்துக்கு வரம்பு உண்டு. வீட்டையும் நிலத்தையும் விற்கவோ அடமானம் வைக்கவோ, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடவோ நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் (பிரிவு 307). அனுமதியில்லாமல் செய்திருந்தால், அந்தச் சொத்தில் உரிமையுள்ளவர் அதை ரத்து செய்யக் கோரலாம். உங்கள் தம்பி ஏதாவது பத்திரம் எழுதிக்கொடுத்திருக்கிறாரா என்று, முதலில் அந்தச் சொத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

அதைவிட நான் நம்பியது 317ஆம் பிரிவை. ஆணை கிடைத்த ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலையும் ஓராண்டில் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அண்ணன் செய்யவில்லை. ஆவேசமாக மனுப் போட்டேன். நீதிபதி என் பக்கம் திரும்பி, "நீங்களும் நிர்வாகிதானே, உங்கள் கணக்கு எங்கே?" என்றார். வங்கி வட்டியை நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு சீட்டுகூட எழுதி வைக்கவில்லை. ஆகவே மனுப் போடுவதற்கு முன் உங்கள் பக்கத்துக் கணக்கை முடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகியை நீக்கக் கோரி 301ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். ஆனால் மனக்கசப்பை மட்டும் சொன்னால் போதாது. சொத்துக்கு நேர்ந்த கேட்டைக் காட்ட வேண்டும். நான் அதற்குப் போகவில்லை. இருவரும் கணக்குக் கொடுத்தோம். தோப்பு வருமானம் இப்போது இருவர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கில் விழுகிறது. அண்ணன் இன்னும் என்னோடு பேசுவதில்லை. காசோலையை அண்ணிதான் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிப் போகிறார்.