சிரிப்பு முகம் போட்ட நாத்தனார்

கேள்வி: அம்மாவுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. நடுவில் சிக்கலாகி ஆறு மணி நேரம் இழுத்துவிட்டது. ‘ஆபரேஷன் ரொம்பக் கஷ்டமாகிவிட்டது, கடைசியில் நல்லபடியாக முடிந்தது, இன்னும் ஐசியூவில்தான் இருக்கிறார்’ என்று உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பதினொரு கட்டைவிரல், நான்கு அழும் முகம், ஏழு கும்பிடு வந்தன. என் நாத்தனார் மட்டும் சிரிப்பு முகம் போட்டிருந்தார். மூன்று வாரமாக அவரோடு நான் பேசவில்லை. செய்தது தப்பா?

பதில்: அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று எழுதவே இல்லையே? வீடு திரும்பியிருப்பார் என்று நம்புகிறேன்.

நீங்கள் போட்ட செய்தியை இன்னொரு முறை படியுங்கள். ஒரே வரியில் கஷ்டம், நிம்மதி, கவலை மூன்றும் இருக்கின்றன. பதிலுக்கு அழுத்தக் கிடைப்பதோ ஒரே ஒரு படம். அழுத முகங்கள் உங்கள் முதல் பாதிக்கு வந்தவை. கட்டைவிரல்கள் ‘நல்லபடியாக முடிந்தது’ என்பதற்கு. கும்பிட்டவர்கள் ஐசியூவை நினைத்துக் கும்பிட்டார்கள். கட்டைவிரல்காரர்களில் பாதிப் பேர் ‘பார்த்துவிட்டேன்’ என்பதற்கு மேல் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். முப்பது வருடம் ப்ரூஃப் பார்த்தவன் நான். ஓரத்தில் நீக்கல் குறி போட்டால் நீக்கு என்றுதான் பொருள், எந்த எழுத்தை நீக்க வேண்டும் என்பதற்கும் உள்ளே ஒரு கோடு இருக்கும். இந்தப் பொத்தான்களில் அந்தக் கோடுதான் இல்லை.

சரி, சிரிப்பு முகத்துக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் 2022 மே மாதம் இந்த வசதி வந்தபோது ஆறு படங்கள்தான் இருந்தன: கட்டைவிரல், இதயம், சிரிப்பு, வியப்பு, அழுகை, கும்பிடு. சிரிப்புக்கு ஒரு பக்கம் இதயம், மறுபக்கம் வியப்பு. கண்ணாடி போடாமல் இதயத்தைத் தொடப் போன விரல் கொஞ்சம் தள்ளி விழுந்தால் முடிந்தது கதை.

ஆனால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்தச் சிரிப்பு முகத்தை உற்றுப் பாருங்கள், இரண்டு கண்ணோரமும் பெரிய பெரிய நீர்த்துளி. எழுத்துகளுக்கும் இந்த மாதிரிப் படங்களுக்கும் எல்லாக் கணினிக்கும் பொதுவாக எண்ணும் பெயரும் தரும் யூனிகோட் பட்டியலில் அதன் பெயரே ‘ஆனந்தக் கண்ணீர் முகம்’ என்ற பொருளில்தான் இருக்கிறது. 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அதையே அந்த ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரெல்லாம் அதைச் சிரிப்பு என்று படிக்க, என் பெரியம்மா கண்ணீரை மட்டும் பார்த்தார். ஒரு துக்கச் செய்திக்கு அதை மூன்று முறை போட்டுவிட்டு, “பாவம்டா, எப்படி அழுது பாரு அந்த மூஞ்சி” என்று என்னிடமே காட்டினார். இதற்கு நேர் எதிராக, இளசுகள் தாரை தாரையாக அழும் முகத்தைப் போட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள் என்று அர்த்தமாம். நடுவில் நாம்.

நாத்தனாரைக் கூப்பிடுங்கள். “ஏன் சிரித்தீர்கள்” என்று ஆரம்பிக்க வேண்டாம். அம்மாவின் உடல்நிலையைச் சொல்லுங்கள், அவர் எப்படிக் கேட்டுக்கொள்கிறார் என்று பாருங்கள். அப்புறம் போகிற போக்கில் அந்த முகத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர் நிஜமாகவே சிரிக்கிற ஆள் என்றால், அதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஒரு பொத்தான் தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: எதைச் சொன்னாலும் நான் கட்டைவிரல் போடுகிறேன். ‘கோபமா அப்பா?’ என்று கேட்கிறாள் மகள். இதில் கோபம் எங்கிருந்து வந்தது?

பதில்: அவள் நாலு வரி எழுதியிருப்பாள், நீங்கள் விரலைக் காட்டிவிட்டுப் போயிருப்பீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டு அறைக்குள் போகிறவரைப் பார்த்தால் என்ன தோன்றும்? அதுதான்.

இந்த விரல் கோர்ட் வரை போயிருக்கிறது. கனடாவின் சஸ்காட்செவனில் 2021-இல் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று, ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படம் எடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதி செய்யுங்கள் என்றது. அவர் கட்டைவிரல் போட்டார். விதை வரவில்லை. ‘கிடைத்தது என்றுதான் சொன்னேன், சம்மதம் என்று சொல்லவில்லை’ என்பது அவர் வாதம். 2023-இல் நீதிபதி அதை ஏற்கவில்லை. இழப்பீடு சுமார் 82,000 கனடிய டாலர். மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நின்றது. எனக்குப் பிடித்தது நீதிபதி பார்த்த விஷயம்: அந்த விவசாயி முந்தைய ஒப்பந்தங்களுக்கும் ‘ஓகே’, ‘சரி’ என்று ஓரிரு சொல்லில்தான் பதில் அனுப்பியிருக்கிறார், தானியத்தையும் ஒழுங்காகக் கொடுத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் விரலுக்குப் பொருள் கண்டார்கள். உங்கள் மகளும் உங்கள் பழைய பழக்கத்தை வைத்துத்தான் படிக்கிறாள். முன்பு “சரிம்மா, சாப்பிட்டியா” என்று எழுதிக்கொண்டிருந்தவர்தானே நீங்கள்?

கேள்வி: வெறுப்பைக் கக்கும் பதிவுகளுக்குக் கோப முகம் போட்டுக் கண்டிக்கிறேன். அதே மாதிரிப் பதிவுகள்தான் மேலும் மேலும் வருகின்றன!

பதில்: நீங்கள் எதில் படிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஃபேஸ்புக்கில் நடந்ததைச் சொல்கிறேன். 2016-இல் அங்கே கோபம், சோகம் எல்லாம் பொத்தானாக வந்தன. அடுத்த ஆண்டு, பதிவுகளை வரிசைப்படுத்தும் கணக்கில் ஒரு கோப முகத்துக்கு ஐந்து லைக்கின் மதிப்பு. 2021-இல் வெளியே கசிந்த உள் ஆவணங்களில் இது தெரிந்தது. 2020-இலேயே கோபத்தின் மதிப்பைப் பூஜ்யமாக்கிவிட்டார்கள். ஆக, அந்த நாட்களில் கோப முகம் போட்டவர்கள் திட்டியதாக நினைத்தார்கள், இயந்திரம் அதைச் சிபாரிசுக் கடிதமாக வாங்கி வைத்துக்கொண்டது. பேசாமல் தாண்டிப் போங்கள்.

கேள்வி: கும்பிடும் கை வணக்கமா, நன்றியா, பிரார்த்தனையா?

பதில்: ஜப்பான் கைபேசிகளிலிருந்து வந்த படம் அது. அங்கே தயவுசெய்து என்பதற்கும் நன்றிக்கும் அதேதான். 2010-இல் யூனிகோட்டில் சேர்த்தபோது ‘கை கூப்பிய நபர்’ என்று பெயர் வைத்துவிட்டு, எதற்காகக் கூப்பினார் என்பதை நம்மிடமே விட்டுவிட்டார்கள். நம் மொழியில் நான்காவதாக ஒன்றும் உண்டு: ‘ஆளை விடுங்க சாமி’. போன மாதம் எங்கள் வாசகர் வட்டக் குழுவில், படித்த புத்தகத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னேன். பத்தொன்பது கும்பிடு வந்தது. கட்டுரை இன்னும் ஒன்றுகூட வரவில்லை.