பக்கவாதத்துக்குப் பிறகு கை: பந்து அமுக்கினால் போதுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு ஐந்து மாதம் முன்பு பக்கவாதம் வந்தது. இப்போது நடக்கிறார். வலது கையை மார்பு வரை தூக்குகிறார். விரல்கள் கொஞ்சம்தான் விரிகின்றன. தினமும் ரப்பர் பந்து அமுக்குகிறார், பலன் தெரியவில்லை. வாராவாரம் கோவைக்குப் போய்வர வசதியில்லை. வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பந்தை எடுத்து வையுங்கள். பக்கவாதம் வந்த கையில் மடக்கும் தசைகள் பெரும்பாலும் தாமாகவே இறுகிக்கொள்ளும். அம்மாவுக்கு வர வேண்டியது பிடிப்பதல்ல, விடுவது. விரல் கொஞ்சமாவது விரிகிறது என்றீர்களே, அதுதான் நல்ல செய்தி.

வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் வரும் என்பது உண்மை. அதற்காக அதன்பின் கதவு அடைபட்டுவிடுவதில்லை. ஆனால் சும்மா கையை ஆட்டுவதைவிட, ஒரு வேலையாகச் செய்வதுதான் மூளையில் பதியும். மேஜையில் துண்டை விரித்து, அதன்மேல் கையை வைத்து முன்னே தள்ளட்டும். காலி டம்ளரைப் பிடித்து நகர்த்தி, விரலை விரித்து விடட்டும். அப்புறம் கொத்தமல்லிக் கட்டைக் கொடுத்து இலை ஆயச் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளுவது அவருக்குப் பல வருஷப் பழக்கம். பத்துத் தடவையோடு நிறுத்தினால் போதாது. நடுநடுவே ஓய்வு கொடுத்து, நாளெல்லாம் நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டும். இடது கை குறுக்கே வந்து உதவத்தான் பார்க்கும், விடாதீர்கள்.

நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையையே வேலை வாங்கும் பயிற்சியும் உண்டு. 2006-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேர் கலந்துகொண்டார்கள். இரண்டு வாரம் இப்படிப் பழகியவர்களின் கை வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாகத் தேறியது. ஆனால் மணிக்கட்டும் விரல்களும் ஓரளவாவது தாமாக நிமிர்ந்தால்தான் இது சரிப்படும். படியிலும் சரிவிலும் அடுப்படியிலும் உறை கூடவே கூடாது. தடுமாறினால் ஊன்ற அந்தக் கை வேண்டும்.

குளிரில் கை இன்னும் விறைக்கும். அதனால் பனி விலகி வெயில் வந்தபின் தொடங்குங்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் சூட்டை உங்கள் கையில் பாருங்கள். அவருக்கு உணர்ச்சி குறைந்திருக்கலாம். கணப்பின் பக்கத்தில் அந்தக் கையை நீட்டி வைப்பதும் ஆபத்து. எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். கப்பியில் கயிறு கட்டித் தலைக்குமேல் இழுக்கும் பயிற்சி வேண்டாம். தோளில் வலியோ விரல்களில் வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோவைக்குப் போக முடியாவிட்டால் பரவாயில்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர் தோளைப் பார்த்துச் சரி என்ற பிறகு உறையை மாட்டலாம்.