இருபத்திரண்டு நிறங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓய்வு பெற்றபின் நீடில்பாயிண்ட் (கண்கண்ணான கேன்வாஸ் துணியை நூலால் நிரப்பும் தையல்) பழகுகிறேன். குயில்ட்களில், அதாவது துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வைகளில், வரும் லாக் கேபின் அமைப்பை, அங்குலத்துக்கு 18 கண் உள்ள கேன்வாஸில் 16 கட்டங்களாகத் தைக்கத் திட்டம். 22 நிறங்களில் நூல் வாங்கினேன். கண்டாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகு. ஆனால் தைத்து முடித்த ஆறு கட்டங்களும் கலங்கிய நீர்போல இருக்கின்றன. படம் இணைத்திருக்கிறேன். பட்டு நூலுக்கு மாறினால் எடுப்பாகத் தெரியுமா? எந்தத் தையல் பொருந்தும்? சட்டத்தில் பூட்டித்தான் தைக்க வேண்டுமா? யாரோ வகுத்த வடிவத்தைப் பார்த்துத் தைப்பது கலையாகுமா என்ற உறுத்தலும் இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியை முதலில் அப்புறப்படுத்திவிடுகிறேன். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் குயில்ட்களை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. தீர்ப்பு வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்ட வழக்கு அது, நீங்கள் மேல்முறையீடு செய்யாதீர்கள். கேன்வாஸைச் சட்டத்தில் பூட்டுவது உங்கள் விருப்பம். பாஸ்கெட்வீவ் (மூலைவாட்டில் வரிசையாகப் போடும் சிறு சாய்தையல்) போட்டால் கையில் வைத்தே தைக்கலாம், கேன்வாஸ் அதிகம் கோணாது.

இனி அந்த 22 நிறங்கள். படத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். ஆறு கட்டங்களும் ஒரே சாம்பல். பச்சை, ஊதா, செங்கல் நிறம், நீலம் எல்லாவற்றையும் ஒரே அடர்த்தியில் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். தற்செயலாக இது நடக்காது. உங்கள் கண்ணுக்கு இதமான ஓர் அடர்த்தி இருக்கிறது, கடையில் கை தானாக அங்கேயே போகிறது. எல்லோருக்கும் இந்த நோய் உண்டு. எனக்கும் இருந்தது.

லாக் கேபினின் உயிரே ஒரு சின்ன ஏற்பாட்டில் இருக்கிறது. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் வெளிர் பட்டை, மற்ற இரண்டில் அடர் பட்டை. கட்டம் மூலைவிட்டத்தில் வெயிலும் நிழலுமாகப் பிரிந்துவிடுகிறது. கட்டங்களை ஒரு விதமாகத் திருப்பி அடுக்கினால் ஒன்றுக்குள் ஒன்றாக வைரங்கள் விரியும், அதற்கு ‘பார்ன் ரெய்சிங்’ என்று பெயர். இன்னொரு விதமாக அடுக்கினால் உழவுச்சால்போலச் சாய்கோடுகள், அது ‘ஸ்ட்ரெய்ட் ஃபரோ’. இத்தனைக்கும் இரண்டே நிறம் போதும். வெயிலும் நிழலும் இல்லையென்றால் இருநூறு நிறம் வாங்கினாலும் போதாது.

பாரிஸின் கோபலான் திரைச்சீலை நெசவாலையில் 1824 முதல் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஷெவ்ரூல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சோகையாக இருக்கிறது என்று அவரிடம் புகார் வந்தது. வேறு ஆலைகளின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார், சாயத்தில் குறையே இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் வைத்து நெய்த நீலமும் ஊதாவும்தான் அதன் வலுவைக் கெடுத்திருந்தன. அந்தப் புகாரைப் பிடித்துக்கொண்டே போய் 1839இல் ஒரு பெரிய புத்தகமே எழுதிவிட்டார். நீங்கள் எனக்கு எழுதியதும் அதே புகார்தான், ஆர். நூல்மேல் பழி போடுகிறீர்கள்.

எனக்கு இதைச் சொல்லித்தந்தது ஷெவ்ரூல் அல்ல, பெரியம்மா. அந்தி சாயும் நேரத்தில், விளக்குப் போடவிடாமல், நூற்கண்டுகளைத் தரையில் பரப்புவார். எனக்குப் பத்து வயதிருக்கும். பக்கத்தில் உட்கார வைத்து, “எது முதலில் இருட்டில் போகிறது, சொல்” என்பார். நான் பெரிய அறிவாளிபோல “கருநீலம்” என்பேன். “பெயரை யார் கேட்டார்கள்? கையை வைத்துக் காட்டு” என்று முதுகில் ஒன்று விழும். முதலில் மறைவது ஒரு கோடி, கடைசிவரை தெரிவது மறுகோடி, மற்றவை நடுவில். வரிசை முடிந்த பிறகே விளக்கு. நிறம் அவருக்கு அதற்கப்புறம் வருகிற விருந்தாளி.

அவர் தைத்த லாக் கேபின் துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் நல்ல பிரகாசமான சிவப்பை அடர் பக்கத்தில் வைத்திருக்கிறார். பகலில் பார்த்தால் அந்தப் பட்டைகள் நிழலைக் கிழித்துக்கொண்டு வெளியே குதிக்கின்றன. பெரியம்மாவே தவறு செய்திருக்கிறாரே என்று பல வருடங்கள் நினைத்திருந்தேன். பிற்பாடுதான் 19ஆம் நூற்றாண்டில் புர்க்கின்யே என்ற செக் உடலியலாளர் கவனித்த விஷயம் தெரிந்தது: வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு சீக்கிரம் கறுத்துவிடும், நீலம் தாக்குப்பிடிக்கும். அந்தியில் அடுக்கினால் சிவப்பு இருட்டின் பக்கம்தான் போகும். இன்றும் சாயங்காலம் அந்தத் துண்டை எடுத்துப் பார்க்கிறேன். வெளிச்சம் இறங்க இறங்க, துருத்திக்கொண்டிருந்த சிவப்புகள் ஒவ்வொன்றாக நிழலுக்குள் அடங்கி, ஒரு நேரத்தில் முழுத்துண்டும் சரியாகிவிடுகிறது.

நீங்கள் பகலில், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அடுக்குங்கள்.

தையலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டென்ட் தையல் (இழைகள் சந்திக்கும் இடத்துக்கு ஒன்றாகப் போடும் சிறு சாய்தையல்) மட்டும் போட்டால் பட்டைகள் புள்ளிகளாகச் சிதறும். ஒவ்வொரு பட்டையையும் கேன்வாஸின் நான்கு இழை அகலத்தில் நேர் கோபலின் தையலால், அதாவது சாயாமல் நேராக விழும் நீளத் தையலால், நிரப்பிப் பாருங்கள். கிடைப்பட்டையில் நூல் நெடுக்காக விழும், நெடும்பட்டையில் குறுக்காக. ஒரே நூலில் தைத்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு சாயல் தெரியும். துணி வெட்டி ஒட்டுகிறவர்களுக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்காத வசதி இது. வெளிருக்கும் அடருக்கும் நடுவே ஓர் அடர்த்தி இல்லாமற்போனால் கடைக்கு ஓடாதீர்கள். ஆறிழைப் பருத்தி நூலில் ஒரு நிறத்தில் நான்கும் இன்னொன்றில் இரண்டுமாகச் சேர்த்து ஊசியில் கோத்தால் புதுச்சாயல் வந்துவிடும்.

ஆறு கட்டங்களையும் பிரிக்க வேண்டாம். இரண்டை மட்டும் பிரித்துப் புது நூலில் தையுங்கள். பிரித்த நூலை மறுபடி தைக்காதீர்கள், கேன்வாஸில் உரசி நைந்திருக்கும். மற்ற நான்கையும் அப்படியே விட்டுவைத்து, புதியதை அருகில் வைத்துப் படம் அனுப்புங்கள்.

பட்டு நூல் இப்போது வாங்கக் கூடாது.