முதல் இரண்டு ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். வயது 22. அப்பா யஷ்வந்தபுரம் யார்டில் மூட்டை தூக்குகிறார். மூன்று ஆண்டுகளாகக் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டிக் கடைகளுக்குச் சரக்கு போட்டு வருகிறேன். யார்டுக்கு வரும் நாமக்கல், சங்ககிரி வண்டிகளைப் பார்த்துப் பார்த்துப் பெரிய லாரிக்குப் போக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். நீங்கள் லாரி ஆபீஸில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். இந்தத் தொழிலுக்குப் போனால் எதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டும்? இரண்டு ஆண்டில் கடன் வாங்கிச் சொந்த வண்டி எடுக்கலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நான் ஸ்டியரிங் பிடித்தவன் அல்லன். கலாசிப்பாளையத்தில் ஒரு புக்கிங் ஆபீஸில் பதினொரு ஆண்டுகள் நடைக் கணக்கு எழுதியவன். ஒவ்வொரு நடை முடிந்ததும் டீசல் பில்லையும் டோல் ரசீதையும் மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டபடி டிரைவர்கள் பேசியதிலிருந்துதான் எனக்கு இந்தத் தொழில் தெரியும். அதை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன். எந்த வண்டி, எவ்வளவு சம்பளம் என்பதைவிட, முதல் இரண்டு ஆண்டுகள் எந்த டிரைவரோடு, எந்த முதலாளியிடம் ஓட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

உரிமத்தில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இதுவரை ஓட்டியது அந்த வகையில் சரி. பெரிய லாரிக்குத் தனி உரிமம் வேண்டும். அதற்கு இருபது வயது நிறைந்து, இலகுரக உரிமம் கையில் வந்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனை 2019-இல் நீங்கிவிட்டது. உரிமம் வந்த மறுவாரமே தனியாக லோடு ஏற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். சில மாதங்களாவது மூத்த டிரைவர் ஒருவரோடு இரண்டாம் டிரைவராகப் போங்கள்.

ஏன் என்பதற்குத் தொப்பூர் கணவாயையே சொல்கிறேன். பெங்களூரிலிருந்து சேலம் போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் தருமபுரியைத் தாண்டியதும் அந்த இறக்கம் வரும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. பத்துச் சக்கர வண்டி சட்டப்படியே 28.5 டன் வரை இருக்கலாம். கியரில் இருக்கும்வரை அந்த எடையை எஞ்சினும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால் முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழும். விட்டு விட்டு அழுத்த அழுத்த பிரேக்கை இயக்கும் ஏர் குறையும், பிரேக் டிரம்மும் லைனிங்கும் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதன் பிறகு பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இத்தனைக்கும் இன்றைய எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது டீசல் தானாகவே நின்றுவிடுகிறது, நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் சும்மா ஓடுவதற்காக எரிகிறது. மிச்சமே இல்லாத மிச்சத்துக்காக உயிர்கள் போகின்றன என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதைக்கிறது.

எங்கள் ஆபீஸுக்கு லோடு அடித்த பெரியவர் ஒருவர் இறக்கத்துக்கு முன்பே வண்டியை ஓரங்கட்டி, இரும்பு ராடால் ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு வருவார். இரட்டை டயரில் உள் டயர் காற்றிழந்தால் கண்ணுக்குத் தெரியாது. தட்டினால் ஓசை மந்தமாகக் கேட்கும். பிறகு ஏறும்போது போடும் கியரிலேயே கடைசிவரை இறங்குவார். அவரோடு ஓடிய பையன்கள் எல்லோருக்கும் அதே பழக்கம் வந்தது. நியூட்ரலில் இறக்குபவரிடம் தொழில் கற்றால் உங்களுக்கும் அந்தப் பழக்கம்தான் வரும்.

அடுத்தது நேரம். பெங்களூரிலிருந்து மும்பைக்கு அருகிலுள்ள பிவண்டி குடோன்களுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். மணிக்கு நாற்பது என்று வைத்தாலும் சக்கரம் உருளும் நேரம் மட்டும் 25 மணி. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த பொது அளவு நாளுக்கு எட்டு மணி; அந்தக் கணக்கில் மூன்று நாளுக்கு மேல் ஆகும். சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில்லோ 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் ஐந்து நாள் செல்லும். அப்படியிருந்தும் இரண்டாம் நாள் இரவே இறக்கிவிட வேண்டும் என்று போன் அடிக்கும் முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் கண் செருகும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் தூங்கும் டிரைவரைத் திட்டாத முதலாளியே உங்களுக்கு வேண்டும். வேலைக்குச் சேரும் முன் அவரிடம் ஓடும் டிரைவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஓட்டும் நேரத்துக்கு நிகராகக் காத்திருக்கும் நேரமும் இருக்கும். கனரக வண்டிகளுக்கு நகருக்குள் நேரக் கட்டுப்பாடு உண்டு என்பதால் நகருக்கு வெளியே நெலமங்கலத்தில் இருட்டும்வரை நிற்க வேண்டி வரும். குடோன் வாசலில் வரிசை இரண்டு நாள்கூட நகராமல் கிடக்கும். அந்த நாள்களுக்குப் படி உண்டா, வண்டி காத்துக் கிடப்பதற்குத் தரும் ஹால்டிங் பணத்தில் உங்களுக்குப் பங்கு உண்டா, மாதச் சம்பளமா, நடைக்கு இவ்வளவு என்றா, அதிக லோடுக்கு வரும் அபராதம் யார் தலையில் என்பதையெல்லாம் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். அந்த அபராதம் இப்போது 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

எல்.ஆர். எனும் சரக்கு ரசீதில் கையெழுத்திடும் முன் மூட்டைகளை நீங்களே எண்ணுங்கள். ஒரு டிரைவர் அசதியில் எண்ணாமல் கையெழுத்திட்டு வந்து, இறக்குமிடத்தில் ஆறு மூட்டை குறைந்து, அந்தப் பணத்தை அவர் கணக்கில் பிடிக்கச் சொன்னார்கள். அதை எழுதியது என் கைதான். அவர் எடுத்திருக்க மாட்டார் என்று தெரிந்தும் எழுதினேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

உங்கள் அம்மாவின் பயம் விபத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும். அது நியாயமான பயம். விபத்து நேர்ந்தால் அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆம் பிரிவின்படி டிரைவரின் கடமை. கூட்டத்தின் கோபத்தால் அங்கே நிற்க முடியாத நிலையை அந்தப் பிரிவே கருத்தில் கொள்கிறது. ஆகவே அடிக்கு அஞ்சி விலக நேர்ந்தாலும் 112-க்கு அழைத்துவிட்டு நேராகக் காவல் நிலையத்துக்குப் போங்கள். இதை அம்மாவிடமும் சொல்லுங்கள். முதலாளியின் எண்ணையும் வண்டி எண்ணையும் அவரிடம் எழுதிக் கொடுங்கள். பிள்ளை எங்கே இருக்கிறான் என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் ஆபீஸ் வாசலில் வந்து நின்ற தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

சொந்த வண்டிக்கு இரண்டு ஆண்டு போதாது என்பது என் எண்ணம். வண்டி நின்றாலும் தவணை நிற்காது. டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எல்லாம் நாள் தவறாமல் வந்து நிற்கும். முதல் நடையிலிருந்தே ஒரு நோட்டில் வாடகை, டீசல், டோல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பஞ்சர், நின்ற நாள் ஆகியவற்றை எழுதி வாருங்கள். முதலாளியின் கணக்குதானே என்று விட்டுவிட வேண்டாம். பன்னிரண்டு மாதக் கணக்கு சேர்ந்ததும் அந்த நோட்டோடு வாருங்கள். தவணைத் தொகையையும் அதில் சேர்த்து எழுதி, மீதி என்ன நிற்கிறது என்று இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.