அடகு வைத்துக் கணினிப் படிப்பு வேண்டாம். அவள் இயற்பியல் படிக்கட்டும்

அன்புள்ள அம்மா,

மகளை இயற்பியலில் விடுவதா, கணினிப் பொறியியலில் சேர்ப்பதா என்று கேட்டிருந்தீர்கள். பிளஸ் டூ முடித்த மகள் 'வானத்தில் இருக்கும் பழுப்புக் குறுமீன்களை ஆராயப் போகிறேன்' என்றால் எந்த வீட்டிலும் தூக்கம் கெடும். ஆனால் ஆறுதல் சொல்லும் நேரம் இதுவல்ல. நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் வாங்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கச் சொல்கிறாரே உங்கள் அண்ணன், வட்டியை அவரா கட்டப்போகிறார்? கையெழுத்துப் போடாதீர்கள்.

அவள் கேட்பது வெறும் கனவல்ல. விண்மீனைப் போல ஹைட்ரஜனைத் தொடர்ந்து எரிக்கப் போதிய நிறையில்லாமல் ஆறிக்கொண்டே போகும் வான்பொருள்கள்தாம் பழுப்புக் குறுமீன்கள். 2014-இல் அறிவிக்கப்பட்ட ஒன்று சுமார் 7 ஒளியாண்டுத் தொலைவில்தான் இருக்கிறது. அதன் வெப்பநிலை நீரின் உறைநிலைக்கும் கீழே என்று அப்போது கணித்தார்கள்! கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால் இருட்டு. கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரான அகச்சிவப்பில்தான் அகப்பட்டது.

உறவினர்கள் நினைப்பதுபோல் இந்தத் துறை தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு உட்காருவதல்ல. வெப்பமாக இருக்கும் எந்தக் கருவியும் தானே அகச்சிவப்பை உமிழும். அதனால் கதிரைப் பதிவுசெய்யும் உணரியைத் திரவ நைட்ரஜன் போன்றவற்றால் குளிர்விக்க வேண்டும். வெற்றிடக் கலன், ஒளியியல், மின்னணுவியல், பைத்தான் நிரல் என்று அத்தனையும் வேண்டும். லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், வறண்ட காற்றில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கிக்கு 'டிர்ஸ்பெக்' என்ற அகச்சிவப்புக் கருவியைக் கட்டியது மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம். இப்படிக் கருவி செய்யத் தெரிந்தவருக்கு வானியலுக்கு வெளியேயும் வேலை உண்டு. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், பிறகு எம்.எஸ்சி., பிறகு இயற்பியல் ஆய்வுப் படிப்பில் சேர எழுதும் ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு. தேறி முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். பத்தாண்டுப் பயணம் இது. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. இதை அவளிடம் மறைக்காதீர்கள். கடன் வாங்கி வெளிநாட்டில் வானியல் பட்டம் என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

அவளுடைய நாட்டத்தைச் சோதிக்கச் செலவே இல்லை. வானத்தை அகச்சிவப்பில் படம்பிடித்த நாசாவின் 'வைஸ்' விண்தொலைநோக்கி எடுத்த படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் இடம் மாறும் மங்கலான புள்ளிகளைத் தேடும் 'பேக்யார்ட் வேர்ல்ட்ஸ்' திட்டத்தில் தன்னார்வலர்கள் பல பழுப்புக் குறுமீன்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த விடுமுறையில் அவள் அதில் உட்காரட்டும். அலுத்துப்போனால் அவளே சொல்வாள். அலுக்காவிட்டால், கல்லூரி பார்க்கப் போகும் நாளில் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஒளியியல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.