எஃப்.சி.யில் வண்டி ஏன் நிக்குது? கேள்வி பதில்

(கேட்டவர்கள் காரைக்குடி வட்டாரத்துக் கார்க்காரர்களும் டாக்ஸிக்காரர்களும். பதில் சொல்பவர் வண்டிகளை எஃப்.சி.க்கு, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுக்கான சோதனைக்கு, தயார் செய்து கொடுக்கும் பணிமனைக்காரர்.)

தேவகோட்டை, டாக்ஸி ஓட்டுநர்: அண்ணே, 2015 டிசையர் டீசல், மஞ்சள் போர்டு. வருஷா வருஷம் காட்டுறேன், ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ணுக்குத் திருப்பி அனுப்புறாங்க. எதெதுல மாட்டுது?

பதில்: எட்டு வருஷம் தாண்டின மஞ்சள் போர்டுக்கு வருஷம் ஒரு தடவை எஃப்.சி. அதுக்கு உட்பட்ட வண்டிக்கு ரெண்டு வருஷம். எஞ்சினுக்காக நிக்கிற வண்டி குறைவு. முதல்ல மாட்டுறது லைட். நம்பர் பிளேட் லைட், ரிவர்ஸ் லைட், பிரேக் லைட் மூணும் பின்னாடி ஒரு ஆளை நிறுத்திப் பாருங்க. பல்பு நல்லா இருந்தும் எரியலைன்னா ஹோல்டர்ல எர்த் துரு பிடிச்சிருக்கும். உப்புத்தாளால தேய்ச்சாலே சரியாயிடும்.

அடுத்தது ஹேண்ட் பிரேக். எட்டு, பத்து 'கிளிக்' வரைக்கும் லீவர் மேல வந்தா நம்ம ஆளுங்க உடனே கேபிளை இறுக்குவாங்க. அது தப்பு. கேபிளை மட்டும் இழுத்து வச்சா பின் சக்கர டிரம்முக்குள்ள இருக்கிற லீவர் பழைய இடத்துக்கு முழுசாத் திரும்பாது, தானா சரிசெய்துக்கிற அட்ஜஸ்டர் வேலை செய்யாம நின்னுடும். பிரேக் ஷூவும் டிரம்ல உரசிக்கிட்டே ஓடும். முதல்ல கேபிளைத் தளர்த்துங்க. டிரம்மைக் கழட்டி செம்மண் புழுதியைச் சுத்தம் பண்ணுங்க, அட்ஜஸ்டர் திருகு சுத்துதான்னு பாருங்க, ஷூவை டிரம்முக்கு நெருக்கமா வைங்க. கேபிள் எல்லாத்துக்கும் கடைசி. வீல் சிலிண்டர் ரப்பரைத் தூக்கிப் பாருங்க, உள்ளே ஈரம் இருந்தா சிலிண்டரை மாத்தாம மூடாதீங்க.

டயர்ல பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கிற வெட்டு, ஆழம் குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர் வேணும். பள்ளத்துக்குள்ள குறுக்கே சின்ன மேடு இருக்கும். ரப்பர் அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா டயர் முடிஞ்சுது. முன் டயரை வெளியில நின்னு பார்த்து ஏமாறாதீங்க. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு உள்பக்க ஓரத்தைக் கையால தடவுங்க. அலைன்மென்ட் கெட்ட வண்டியில வெளிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கும், உள்பக்கம் கம்பி தெரியும். அலைன்மென்ட் பார்க்காம புது டயர் போட்டா அதுவும் அப்படியேதான் தேயும்.

ஸ்டீயரிங் சக்கரத்துல வெற்று ஆட்டம் 30 டிகிரிக்கு மேல போகக் கூடாதுன்னு விதி. ஆட்டம் எங்கேன்னு தெரியணும்னா முன் சக்கரத்தை ஜாக்கியில தூக்குங்க. இடமும் வலமும் பிடிச்சு ஆட்டினா ஆடுதா, டை ராடு எண்ட். மேலயும் கீழயும் ஆட்டினா ஆடுதா, ஒரு ஆளைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்னுட்டா வீல் பேரிங், நிக்காம இருந்தா பால் ஜாயின்ட்.

மஞ்சள் போர்டுக்குத் தனியா: மணிக்கு 80 கிலோமீட்டருக்குப் பூட்டின ஸ்பீடு கவர்னரும் அதோட சீலும் சான்றிதழும், முன்னால வெள்ளை பின்னால சிவப்பு ஒளிர் பட்டை, தேதி முடியாத தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. தீயணைப்பான் முள் பச்சையில நிக்கணும்.

ஒண்ணு எல்லாருக்கும் சொல்றேன். எஃப்.சி.க்கு முந்தின நாள் வாட்டர் வாஷ் பண்ணி அடியில கறுப்பு பெயின்ட் அடிக்கும்போது சேசிஸ் நம்பர் மேல அடிச்சுடாதீங்க. நம்பரைத் தாள் வச்சுப் பென்சிலால தேய்ச்சு எடுக்கணும். பெயின்ட் அடைச்சுக்கிட்டா எழுத்து விழாது, அங்கேயே வண்டி நின்னுடும்.

குன்றக்குடி: சொந்தக் கார், 2018 மாடல். வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணுமா?

பதில்: வேண்டாம். வெள்ளை போர்டுக்குப் பதிவு 15 வருஷம் செல்லும். அதுக்கப்புறம் படிவம் 25 போட்டு, வண்டியைக் காட்டி, ஐந்தைந்து வருஷமாப் புதுப்பிக்கணும். முடியுற தேதிக்கு 60 நாள் முன்னாலயிருந்து போடலாம். புகைச் சான்றும் இன்சூரன்சும் எப்பவும் கையில இருக்கணும், அது வேற கணக்கு.

புதுவயல், அரிசி ஆலை வண்டி வச்சிருப்பவர்: டீசல் வண்டி புகைச் சோதனையில ஃபெயில். இஞ்செக்டர் மாத்தணும்னு சொல்றாங்க, பெரிய செலவு.

பதில்: இப்ப மாத்தாதீங்க. புகை அடர்த்தியை ஹார்ட்ரிட்ஜ்ங்கிற அளவுல சொல்வாங்க. பழைய டீசலுக்கு வரம்பு 65, பி.எஸ்.4 புகை விதிப்படி வந்த வண்டிக்கு 50. உங்க எண் என்ன வந்துச்சுன்னு சீட்டுல பாருங்க. 70 வந்ததுக்கும் 95 வந்ததுக்கும் வைத்தியம் வேற வேற. 70 பக்கம்னா ஏர் ஃபில்டரை மாத்துங்க. ஆலைத் தவிட்டுத் தூசியில அது சீக்கிரம் அடைச்சுக்கும். புகையில ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி விடுற இ.ஜி.ஆர். வால்வைக் கழட்டிக் கரியை எடுங்க. வண்டியை 15, 20 கிலோமீட்டர் நல்லா ஓட்டிச் சூட்டோட கொண்டுபோய் நிறுத்துங்க. குளிர்ந்த எஞ்சின் கட்டாயம் புகையும். 95 வந்து கரும்புகையாவும் இருந்தா இஞ்செக்டரைச் சோதனைப் பெஞ்சுல வச்சுப் பார்க்கலாம். நீலப் புகைன்னா ஆயில் எரியுது, இஞ்செக்டர் மாத்தி ஒரு பயனும் இல்லை.

சோதனையில ஆக்சிலரேட்டரைக் கடைசி வரைக்கும் மிதிப்பாங்க. டைமிங் பெல்ட் காலம் தாண்டின வண்டியில அதுவே எஞ்சினுக்கு எமன். பெல்ட்டைப் பார்த்துட்டுப் போங்க.

கோட்டையூர்: நம்ம ஊர் வெயிலுக்கு 70 சதவீத ஃபிலிம் ஒட்டலாம்ல?

பதில்: முன், பின் கண்ணாடிக்கு 70, பக்கக் கண்ணாடிக்கு 50 சதவீத வெளிச்சம் போகணும்னு விதி. அது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த கணக்கு. 75 விடுற கண்ணாடியில 70 ஃபிலிம் ஒட்டினா 52தான் போகும். கண்ணாடியில கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாதுன்னு சொன்ன 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் நினைவுல வச்சுக்கிட்டு, எஃப்.சி.க்கு வரும்போது கிழிச்சுட்டு வாங்க.

கானாடுகாத்தான்: வளவு வீட்டுக் கொட்டகையில எங்க ஐயா வாங்கின 1964 அம்பாசிடர் நிக்குது. ஆர்.சி. ஐயா பேருல, அவர் காலமாகி ரொம்ப நாளாச்சு. எஃப்.சி. வாங்கி ஓட்ட ஆசை.

பதில்: முதல்ல காகிதம், அப்புறம்தான் ஸ்பானர். உரிமையாளர் இறந்துட்டா மூணு மாசத்துக்குள்ள படிவம் 31 போட்டுப் பேர் மாத்தியிருக்கணும். இப்பவும் வழி அதுதான்: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மத்த வாரிசுகள் சம்மதம். அது முடியாம பதிவு புதுப்பிக்க முடியாது. மூணெழுத்துப் பழைய நம்பர்னா கணினிப் பதிவுல ஏறியிருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா அதை ஏத்தவே தனி மனு.

வண்டிக்கு: பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து சிலிண்டர் உள்ளே துரு பிடிச்சிருக்கும். நாலு சக்கரத்துலயும் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் எல்லாம் மாத்துங்க, கழுவிப் போடுறது உதவாது. பெட்ரோல் டேங்கைக் கழட்டித் துருவை எடுக்காம ஸ்டார்ட் பண்ணாதீங்க. வயரிங்கை எலி கடிச்சிருக்கும். பட்டன் முழுசா இருந்தாலும் டயர் கல்லாப் போயிருக்கும். கிரீஸ் நிப்பிள் ஒண்ணு விடாம அடிங்க.

பள்ளத்தூர்: எதுக்கு இவ்வளவு? வின்டேஜ்னு பதிவு பண்ணிட்டா எஃப்.சி.யே வேண்டாமே. பத்து வருஷம் கவலையில்லை.

பதில்: பாதிதான் சரி. 2021 ஜூலையில வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டின, சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்குக் கிடைக்கும். கட்டணம் 20,000, பத்து வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க 5,000. நம்பர்ல 'வி.ஏ.' வரும். ஆனா தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு எடுத்துட்டுப் போகலாம், அவ்வளவுதான்.

கானாடுகாத்தான்: எங்க வண்டியில பிற்பாடு இசுசு எஞ்சின் மாத்தியிருக்கு.

பதில்: அப்ப வின்டேஜ் பேச்சை விடுங்க. அதோட, அந்த எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில ஏறியிருக்கா? ஏறலைன்னா சாதாரணப் புதுப்பிப்பும் நிக்கும். பழைய பில்லைத் தேடுங்க.

ஆத்தங்குடி, தங்கும் விடுதி நடத்துபவர்: எங்ககிட்ட மாறாத 1968 வண்டி இருக்கு. வின்டேஜ் வாங்கி, விருந்தாளிகளைக் காரைக்குடி புராதனக் கடைத் தெருவுக்குக் கூட்டிப் போக நினைச்சேன். தனியாக் காசு வாங்குறதில்லை, அறை வாடகையில சேர்ந்தது.

பதில்: வின்டேஜ் வண்டியில வணிகப் பயன்பாடு கூடாது. அறை வாடகையில சேர்த்தாலும் அது வணிகம்தான்.

பள்ளத்தூர்: சொந்த வீட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு எடுத்தாலும் தப்பா? காசு பேச்சே இல்லையே.

பதில்: காசு இல்லாம இருக்கலாம், விதி சொன்ன காரணங்கள்ல கல்யாணம் இல்லையே. நகரச் சிவன் கோயில் வரைக்கும்தானேன்னு கேட்பீங்க. வழியில ஒருத்தர் மேல இடிச்சா இன்சூரன்ஸ்காரர் கேட்கிற முதல் கேள்வி, வண்டி எதுக்கு ரோட்டுக்கு வந்ததுன்னுதான். ஓட்டணும்னு ஆசைப்பட்டா சாதாரணப் புதுப்பிப்பு எடுங்க. 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி கட்டணம் 10,000. தாமதத்துக்கு மாசம் 500 தனி. நிறுத்தி அழகு பார்க்க மட்டும்னா வின்டேஜ்.

விடுதிக்காரருக்கு: வெள்ளை போர்டுல வாடகை ஓட்டினா பெர்மிட் குற்றம். விருந்தாளிக்கு ஒரு மஞ்சள் போர்டு வண்டி அமர்த்துங்க. அம்பாசிடர் முகப்புல நிக்கட்டும், போட்டோ எடுத்துக்குவாங்க.

பள்ளத்தூர்: இவ்வளவு கட்டுப்பாடு இருந்தா யார் பழைய வண்டியைக் காப்பாத்துவா? எல்லாம் காயலாங்கடைக்குத்தான் போகும்.

பதில்: ஆதங்கம் நியாயம். பாதுகாத்தவனுக்கு வருஷத்துல நாலு நாளாவது ஓட்ட அனுமதி வேணும்னு எனக்கும் தோணுது. ஆனா இங்கே விதி இதுதான். மத்தவங்க கேள்வி காத்திருக்கு.

அரியக்குடி: 2019 ஸ்விஃப்ட், சொந்த உபயோகம். வருஷா வருஷம் எஃப்.சி. உண்டா?

பதில்: இல்லை. குன்றக்குடிக்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

பொன்னமராவதி: எஃப்.சி. அன்னைக்கு மட்டும் நல்ல டயர் வாடகைக்கு மாட்டலாம்ங்கிறாங்க. கம்மியாத்தான் வருதாம்.

பதில்: மாட்டலாம், மறுநாள் மொட்டை டயர்ல மழையில திருமயம் ரோட்டுல போவீங்க. இந்தக் கேள்விக்கு இனி பதில் இல்லை.

திருப்பத்தூர்: ஹெட்லைட் வெளிச்சம் போதலை, 100/90 வாட் பல்பு போட்டேன். ஃபெயில் ஆகுமா?

பதில்: கம்பெனி கொடுத்தது 60/55. 100/90 போட்டா ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் வெள்ளிப் பூச்சு கருகும், எதிர்ல வர்றவர் கண்ணு கூசும். லென்ஸ் மஞ்சளாப் போயிருக்கும், அதைப் பாலிஷ் பண்ணுங்க, பழைய பல்பையே போடுங்க. ரிலே இல்லாத பழைய வண்டியில ஸ்விட்ச் வரைக்கும் கருகும்.

கண்டனூர்: டிரைவிங் லைசென்ஸ் முகவரி மாத்தணும்.

பதில்: இது வண்டிக்கான இடம். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேளுங்க.

நாச்சியாபுரம்: ஏஜென்ட் கிட்டக் கொடுத்தா வண்டியைக் காட்டாமலே முடிச்சுத் தருவாராமே?

பதில்: பிரேக் பிடிக்காத வண்டிக்குச் சீட்டு வாங்கினா பிரேக் பிடிச்சுடுமா? அடுத்தவர் கேளுங்க.

ராயவரம், டாக்ஸி உரிமையாளர்: பெயின்ட் எல்லாம் அடிச்சுப் பளபளன்னு கொண்டுபோனேன், சேசிஸ் நம்பர் தெரியலைன்னு திருப்பிட்டாங்க.

பதில்: மேலே முதல் பதில்ல எழுதியிருக்கேன். தின்னரைத் துணியில நனைச்சு மெதுவாத் துடைங்க. கிரைண்டரோ கம்பி பிரஷ்ஷோ வைக்காதீங்க, எழுத்து தேய்ஞ்சா நம்பரைத் திருத்தினதா சந்தேகம் வரும். துடைச்சதும் அங்கே கிரீஸ் தடவி வைங்க.

செட்டிநாடு: சொந்தக் கார், 2020 மாடல்...

பதில்: இல்லை. குன்றக்குடி.

காரைக்குடி, கழனிவாசல்: சி.என்.ஜி. மாட்டின வேன். எல்லாம் சரி, சிலிண்டருக்காக நிறுத்திட்டாங்க.

பதில்: சி.என்.ஜி. சிலிண்டருக்கு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணி அழுத்தச் சோதனை. எல்.பி.ஜி.க்கு அஞ்சு வருஷம். சிலிண்டர் கழுத்துக்கிட்ட கடைசிச் சோதனை மாசமும் வருஷமும் குத்தியிருக்கும். சிலிண்டர் நம்பரும் சான்றிதழ்ல உள்ள நம்பரும் ஒண்ணா இருக்கணும். ஆர்.சி.யில எரிபொருள் 'பெட்ரோல்/சி.என்.ஜி.'ன்னு ஏறியிருக்கணும். சோதனைக்குக் கொடுத்தா வண்டி சில நாள் நிக்கும், அதனால எஃப்.சி. தேதிக்கு ஒரு மாசம் முன்னாலயே கொடுத்துடுங்க. குறை எழுதிக் கொடுத்த தாளைத் தொலைச்சுடாதீங்க, மறுபடி காட்டப் போகும்போது அதைத்தான் முதல்ல கேட்பாங்க.